கெண்டைக்கு அடியில் இருந்த பெட்டி

இணைப் பேராசிரியரான டொசென்ட் போஹ்தால் தன் கிறிஸ்துமஸ் விருந்துக் கெண்டையை ஆய்வுக்கூடத்தின் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில்தான் வைப்பார். பிராக் நகரத்திலேயே நம்பகமான ஃப்ரீசர் அதுதான் என்பது அவர் கட்சி. அக்டோபரில் குளம் வடித்ததும் தெற்கே மீன்பண்ணை வைத்திருக்கும் ஒருவன் அவருக்கு ஒரு கெண்டை அனுப்பிவிடுவான். ஊரில் மற்றவர்கள் மீனை உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் இரண்டு நாள் நீந்தவிட்டு, பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்த பிறகு, அழுகைக்கு நடுவில் வெட்டுவார்கள். டொசென்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவருடைய மீன் இரண்டு மாதம் ஈஸ்ட் குப்பிகளுக்கு நடுவே கிடந்து படிக்கல்லாக மாறும். போன வருடம் அவர் மனைவி அதை ரம்பம் வைத்து அறுத்ததாகக் கேள்வி.

அதைப் பெயர்த்தெடுக்கும் வேலை த்ராஹா குபெல்கோவாவுடையது. அகர் என்கிற ஜெல்லியைக் காய்ச்சுவது, தட்டுகளில் ஊற்றுவது, ஊசிகளைச் சுத்தம் செய்வது என்று அவள் ஒப்பந்தத்தில் பதினொரு வேலை இருந்தது. கெண்டை அதில் இல்லை.

"த்ராஹா, மீனை எடுத்து வெச்சிடு. வால் உடையாம எடு. போன தடவை உடைச்சுட்ட."

"அது வளைஞ்சு படுத்திருந்துச்சு, டொசென்ட். அதான் உடைஞ்சுது."

"கையில ஒரு பதம் வேணும்" என்றார் போஹ்தால், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அவளை 'நீ' என்பார். அவள் அவரை 'நீங்க' என்பாள். அந்தக் கட்டடத்தில் பாத்திரம் கழுவுகிறவர்களைக்கூட யாரும் ஒருமையில் அழைப்பதில்லை. ஆனால் த்ராஹா ஒரு காலத்தில் அவருடைய முனைவர் பட்ட மாணவி. அந்த உரிமையை அவர் பதினாறு வருடமாக விடவில்லை.

கீழ்த்தளத்தில் தடித்த கையுறையும் ரப்பர் சுத்தியலுமாக அவள் ஃப்ரீசருக்குள் குனிந்தாள். கெண்டை எதனோடோ ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு அடி வைத்ததும் படாரென்று பெயர்ந்து வந்தது. அதன் வயிற்றோடு சேர்ந்து ஒரு தட்டையான பிளாஸ்டிக் பெட்டியும் வந்தது.

"குட்டி போட்டிருக்கா?" என்று கேட்டாள் ப்ளாஜெனா. கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுகிறவள். ஓய்வு பெறும் வயது தாண்டி ஐந்து வருடம் ஆகியும் போகாதவள். காபித்தூளைக் கண்ணாடி டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றி, அடியில் சகதியோடு குடித்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி."

"தூக்கிப் போடு. அந்த ஃப்ரீசர்ல பாதி குப்பை. மீதி அவரோட சாப்பாடு."

த்ராஹா தூக்கிப் போடவில்லை. கையுறை விரலால் உறைபனியைத் துடைத்தாள். மூடியில் போஹ்தாலின் கையெழுத்து. ஒரு தேதி, பதினாறு வருடத்துக்கு முந்தையது. 'சுருட்டை × வழவழ. 24 பை.' அதற்குக் கீழே ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண்கள். அவற்றில் பதினான்கு எண்களின் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

அவள் அப்படியே நின்றாள். ஃப்ரீசரின் எச்சரிக்கை மணி கதவை மூடச் சொல்லிக் கத்தியது.

சுருட்டை அவள் கண்டுபிடித்தது. மொராவியாவில் ஒரு ஒயின் நிலவறையில், பீப்பாய் மூடியிலிருந்து பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்த காட்டு ஈஸ்ட். ரொட்டியை உப்பவைக்கிற, பீரைப் பொங்கவைக்கிற அதே இனம்தான். ஆனால் ஆய்வுக்கூடத்து ஈஸ்ட் தட்டில் வளர்ந்தால் சட்டைப் பொத்தான் மாதிரி வழவழவென்று வட்டத் திட்டாக உட்கார்ந்திருக்கும். பல பத்தாண்டுகள் சர்க்கரையை ஊட்டி வளர்த்த சோம்பேறி. இது அப்படி இல்லை. ஐந்தாவது நாள் மடிப்பு மடிப்பாக எழுந்து, பைன் மரத்தின் அடியில் முளைக்கும் சுருள் காளான் போல விரிந்து நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் வெண்ணெயில் வதக்கலாமா என்று ஒரே நகைச்சுவையைச் சொன்னார்கள்.

இந்தச் சுருளுக்கு ஒரே ஒரு மரபணு காரணமா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. சுருட்டையை வழவழப்பானதோடு இணைசேர்க்க வேண்டும். பிறந்ததைப் பட்டினி போட்டால் அது சின்னச் சின்னப் பைகளாகும். ஒவ்வொரு பையிலும் நான்கு வித்து. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராத பை அது. நுண்ணோக்கியின் கீழ், கண்ணாடி ஊசியால் பையைப் பிரித்து, நான்கு வித்தையும் வரிசையாக ஜெல்லியில் உட்காரவைக்க வேண்டும். காரணம் ஒரே மரபணு என்றால் கணக்கு ரொம்பச் சுலபம். எந்தப் பையைப் பிரித்தாலும் இரண்டு சுருட்டை, இரண்டு வழவழ.

த்ராஹாவுக்கு அப்படி வரவில்லை. பாதிக்கு மேற்பட்ட பைகளில் ஒன்றுக்கு மூன்று. சிலவற்றில் நான்கும் வழவழ. போதாக்குறைக்குச் சில திட்டுகளில் பாதி சுருள், பாதி மொழுக்கென்று, கேக்கில் துண்டு போட்ட மாதிரி. எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து அவரிடம் கொண்டுபோனாள். போஹ்தால் நோட்டைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களைப் பார்த்தார்.

"உன் கை சரியில்லை. ஒரு பையோட வித்தை இன்னொரு பைக்குள்ள கலக்குற. சில பேருக்கு இந்த வேலைக்குக் கை அமையாது. தப்பா எடுத்துக்காத."

மறுபடி செய்தாள். மறுபடி அதே. மூன்றாம் முறை ஊசியைத் தொடும்போதே கை நடுங்கியது. அதன்பின் அவர் சொன்னது உண்மையாகிவிட்டது. வசந்தகாலத்தில் படிப்பை விட்டாள். அவரே அதே சோதனையைத் தன் கையால் செய்து கட்டுரை எழுதினார். பிரித்தவை இருபத்து நான்கு பைகள். கட்டுரைப்படி பதினான்கு பைகளின் வித்துகள் முளைக்கவில்லை. முளைத்த பத்திலும் இரண்டுக்கு இரண்டு, பிசகே இல்லை. மரபணுவுக்குச் 'சுருள்-1' என்று பெயரும் வைத்தார். நாற்பது வயதில் டொசென்ட். இப்போது ஜனவரி கடைசியில் பேராசிரியர் பட்டத்துக்கான பொது உரை.

த்ராஹாவுக்குப் பட்டம் எதுவும் மிஞ்சவில்லை. வீட்டு அழைப்புமணிப் பலகையில்கூட இஞ்சினியர், டாக்டர் என்று போட்டுக்கொள்கிற ஊரில் அவள் மணிக்குப் பக்கத்தில் வெறும் குடும்பப்பெயர்தான் இருந்தது. அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. பட்டம் போட்ட மடையர்களுக்குத் தினமும் அகர் ஊற்றித் தருகிறவள் அவள். ஆனால் யாராவது தன் கையைக் கவனித்தால் அங்கியின் பைக்குள் விட்டுக்கொள்வாள். பதினாறு வருடத்தில் ஒரு முறைகூட அந்த நுண்ணோக்கியின் முன் உட்காரவில்லை. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அன்று தப்பு செய்தது தன் கையா, இல்லையா.

பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தொண்ணூற்றாறு குழிகள். இருபத்து நான்கு பைகள், பைக்கு நான்கு. முளைத்து வளர்ந்ததைத்தான் உறையவைப்பார்கள், முளைக்காத வித்தில் எடுத்து வைக்க எதுவும் இருக்காது. அந்தப் பதினான்கு பைகளின் குழிகள் காலியாக இருந்திருக்க வேண்டும். ஒரு குழிகூடக் காலி இல்லை.

"ஏன்டி வெச்சிருந்தாரு இதை?" என்றாள் ப்ளாஜெனா, விஷயம் புரிந்ததும். "நானா இருந்தா அன்னிக்கே சாக்கடையில ஊத்தியிருப்பேன்."

"அவரால எதையும் தூக்கிப் போட முடியாது. தயிர் டப்பாவக்கூடக் கழுவி அடுக்கி வெச்சிருக்காரு, அலமாரி நிறைய. பார்த்ததில்லையா?"

"ஆமா, எங்க வீட்டுக்காரரும் நூல்கண்டு சேர்க்கிறாரு. ரொம்பச் சின்னதா இருக்கிற நூலுக்குத் தனி டப்பா."

கெண்டையை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வால் முழுசாக இருந்தது. போஹ்தால் ஒரு நன்றி சொல்லி அதைச் செய்தித்தாளில் சுற்றினார். பெட்டி கீழே அவளிடம் இருந்தது.

விடுமுறை முடிந்ததும், தொண்ணூற்றாறு ஊசி வைத்த முத்திரைக்கட்டையை ஒவ்வொரு குழியிலும் தொட்டு, புதிதாக ஊற்றிய ஒரு பெரிய செவ்வகத் தட்டில் பதித்தாள். இதற்குக் கைப்பதம் எதுவும் வேண்டாம். தபால் முத்திரை குத்தத் தெரிந்தால் போதும்.

ஐந்தாம் நாள் காலை தட்டைப் ப்ளாஜெனாவின் கழுவுமேடையில் வைத்து இருவரும் குனிந்தார்கள். தொண்ணூற்றாறும் முளைத்திருந்தன. இறந்ததாக அச்சில் ஏறியவை எல்லாம் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன.

"ஏழாவது பை?"

"நாலும் மொழுக்கு" என்றாள் ப்ளாஜெனா.

"சிவப்புக் குறி இருக்கா?"

"இருக்கு."

"ஒன்பது?"

"ஒரு காலிஃப்ளவர், மூணு பொத்தான். குறி இருக்கு. பன்னிரண்டுல ஒண்ணு பாதிக்குப் பாதி. யாரோ கடிச்சு வெச்ச மாதிரி."

பழைய நோட்டில் த்ராஹா வரைந்திருந்ததும் அதே கடித்த துண்டுதான்.

பன்னிரண்டாம் பையின் திட்டுகளிலிருந்து கொஞ்சம் சுரண்டி, அகர் தரச் சோதனை என்று படிவத்தில் எழுதி, டி.என்.ஏ. வாசிக்கும் இடத்துக்கு அனுப்பினாள். அவள் படித்த காலத்தில் அதற்கு ஒரு வருடமும் ஒரு கூட்டமும் வேண்டும். இப்போது ஒன்பது நாளில் மின்னஞ்சலில் வந்தது.

"ஈஸ்டுக்குள்ள பதினாறு கட்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க" என்று ப்ளாஜெனாவுக்குச் சொன்னாள். "குரோமோசோம்னு பேரு. ஒரு கட்டுல பல நூறு மரபணு. இந்தச் சுருட்டைக்கு அதுல ஒரு கட்டு மட்டும் ரெண்டு பிரதி இருக்கு. அந்தக் கூடுதல் கட்டுதான் சுருட்டி விடுது. அது உறுதியா நிக்காது. செல் பிரியும்போது அப்பப்பக் கழண்டு போயிடும். போனா மொழுக்குதான்."

"டிராம்ல டிக்கெட் எடுக்காம ஏறினவன்."

"அவனேதான். சில பையில கடைசி வரைக்கும் உட்கார்ந்திருக்கான். அது ரெண்டுக்கு ரெண்டு. சிலதுல நடுவுல இறங்கிட்டான்."

"அப்ப உன் டொசென்டோட மரபணு?"

"அந்தக் கட்டுல இருந்த பல நூறுல ஒண்ணு. கூட்டத்துல ஒருத்தனப் பிடிச்சு, 'நீதான் பண்ணின'ன்னு பேரு எழுதிட்டாரு."

"போலீஸ் புத்தி" என்றாள் ப்ளாஜெனா. டம்ளர் அடியில் இருந்த சகதியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உன் கை?"

த்ராஹா தன் கையைப் பார்த்தாள். சோப்பில் வெடித்த, சாதாரண, நாற்பத்தொரு வயதுக் கை. "அவர் வாயால சொல்லட்டும்" என்றாள்.

உரைக்கு ஆறு நாள் முன்பு போஹ்தாலே வந்து கேட்டார்.

"தேர்வுக் குழுவுக்குக் கையில குடுக்க ஒரு தட்டு வேணும். அந்தப் பத்துப் பையும் தெரியணும். கிழவங்களுக்குப் படத்தைவிடப் பொருள் பிடிக்கும். மாடி ஃப்ரீசர்ல அந்தப் பத்து மட்டும் தனியா இருக்கு, அதுல இருந்து குத்திக் குடு. பயப்படாத, ஊசி வேலை இல்லை."

"சரி, டொசென்ட். பை எண் எல்லாம் பக்கத்துல எழுதிடறேன்."

உரைநாளன்று, டையைச் சரிசெய்துகொண்டே, அரங்க வாசலில் அவர் தட்டை வாங்கினார்.

"பெருசா இருக்கே."

"பெருசா இருந்தா எல்லாருக்கும் நல்லாத் தெரியும்."

"அதுவும் சரிதான்." மேலாக ஒரு பார்வை பார்த்தார். சுருள்கள் செழிப்பாக இருந்தன. அவருக்கு அது போதும். பதினாறு வருடமாக அந்தத் திட்டுகளை அவர் படங்களில் மட்டுமே பார்த்து வந்திருந்தார், அதுவும் தான் வெட்டிய படங்களில்.

குழுவில் ஒன்பது பேர். தலைவர் பேராசிரியர் ஹவ்ரானெக், காது கேட்கும் கருவியைத் தேவைப்பட்டால் மட்டும் போட்டுக்கொள்கிறவர். போஹ்தால் அழகாகப் பேசினார். சுருள்-1 என்ற சொல்லை, முதல் பேரனின் பெயரைச் சொல்வது போல ஒவ்வொரு முறையும் நிறுத்தி உச்சரித்தார். "உங்க கையில இருக்கிற தட்டுலயே பார்க்கலாம், மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களே, ஒவ்வொரு பைக்கும் இரண்டுக்கு இரண்டு." தட்டு முதல் வரிசையில் கைமாறிப் போனது.

கடைசி வரிசையில், ஆய்வுக்கூடச் செருப்போடு உட்கார்ந்திருந்த த்ராஹா அதன் பயணத்தைக் கவனித்தாள். முதலாமவர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். அடுத்தவர் மூடியின் பளபளப்பில் தன் தலைமுடியைச் சரிபார்த்தார். பீர் ஆலைக்கு ஆலோசகராகப் போகிற ஒருவர், "எங்க தொட்டியில இது வந்தா அன்னிக்கே ஊத்திடுவோம்" என்று பக்கத்தில் கிசுகிசுத்தார். பக்கத்தில் இருந்தவர் வெண்ணெய் நகைச்சுவையைச் சொன்னார். இருவரும் குலுங்கினார்கள். நான்கு வரைக்கும் எண்ணத் தெரிந்த ஒன்பது பேர். ஒருவரும் எண்ணவில்லை. தட்டு ஒன்பது கை மாறி மேசைக்கு வந்து சேர்ந்தது. எல்லார் கண்ணும் பக்கத்து அறையில் விரித்திருந்த சாண்ட்விச் தட்டுகள் மேல் போய்விட்டது. ஹாமும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்த துண்டுகள், கதவு இடுக்கு வழியே தெரிந்தன.

"பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கணுமா?" என்றார் ஹவ்ரானெக், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு.

த்ராஹா எழுந்தாள்.

"பேரும் பட்டமும் சொல்லுங்க, குறிப்புல ஏறணும்."

"குபெல்கோவா. பட்டம் இல்லை."

"இஞ்சினியராவது...?"

"ஒண்ணும் இல்லை."

குறிப்பெடுத்த பெண்ணின் பேனா நின்றது. படிவத்தில் பட்டத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட அவளுக்கு மனம் வரவில்லை. சிறு கோடு ஒன்று போட்டாள்.

"தட்டுல ஏழாவது பை, ஒன்பதாவது பை, பன்னிரண்டாவது பை. அதை மட்டும் டொசென்ட் சத்தமா எண்ணிச் சொல்லணும்."

ஹவ்ரானெக் காதில் கருவியை மாட்டினார். போஹ்தால் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்தது மட்டும் போய்விட்டது.

"நாங்க காத்திருக்கோம்" என்றார் பீர் ஆலைக்காரர். இப்போதுதான் அவருக்கு விழிப்பு வந்தது.

"இதுல... ஏழுல நாலும் வழவழப்பு" என்றார் போஹ்தால். "ஒன்பதுல ஒண்ணுக்கு மூணு. மன்னிக்கணும். இந்தத் தட்டைத் தயார் பண்ணினது இந்தம்மாதான். எங்க உதவியாளர். நல்லவங்க, ஆனா கை கொஞ்சம்..." விரல்களை லேசாக ஆட்டிக் காட்டினார். "நான் நேர்லயே சொல்லியிருக்கேன்."

அரங்கம் மரியாதையாகச் சிரித்தது.

அவளைப் பற்றி அவர் முதல்முறையாகப் பன்மையில் பேசியிருந்தார். த்ராஹா அதைக் கவனித்தாள். துணிப்பையிலிருந்து பெட்டியை எடுத்து, இறங்கிப்போய்த் தலைவர் முன்னால் வைத்தாள்.

"இதுல இருந்து நான் குத்தி மட்டும்தான் குடுத்தேன். பைகளைப் பிரிச்சது நான் இல்லை. இந்தப் பெட்டிதான் அந்தக் கட்டுரையோட அசல். இருபத்து நாலு பையும் இதுல உயிரோட இருக்கு. தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு. பதினாலு செத்துப்போச்சுன்னு அச்சுல இருக்கு."

ஹவ்ரானெக் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை நகத்தால் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். கட்டை விரல் அகல மீன்செதில்.

"இது என்ன?"

"கெண்டை" என்றாள் த்ராஹா.

யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த ஊரில் ஜனவரி மாதம் எல்லார் பர்ஸிலும் அதிர்ஷ்டத்துக்காக ஒரு செதில் இருக்கும்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் ஹவ்ரானெக்.

போஹ்தால் பெட்டியைப் பார்த்தார். கழுவி அடுக்கிய தயிர் டப்பாக்கள் எல்லாம் அந்த நேரத்தில் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"ஆமா."

"பிரிச்சது?"

"நான்தான்."

"அப்ப ரெண்டுல ஒண்ணு. உங்க கை தப்பு பண்ணி வித்தெல்லாம் கலந்துபோச்சு. அப்படின்னா அந்தப் பத்தையும் நம்ப முடியாது. இல்லை, உங்க கை சரி. அப்படின்னா இரண்டுக்கு இரண்டுங்கிறது இல்லை. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க, குறிப்புல எழுதணும்."

பக்கத்து அறையில் யாரோ தட்டுகளை நகர்த்தும் சத்தம். உண்மையைவிட, மரபணுவைவிட, பேராசிரியர் பட்டத்தைவிட அந்த ஆளுக்குப் பெரிதாக ஒன்று இருந்தது.

"என் கை சரியாத்தான் இருந்துச்சு" என்றார் போஹ்தால்.

"எனக்கும் அதேதான் வந்துச்சு" என்றாள் த்ராஹா. "பதினாறு வருஷம் முன்னாடி, அதே கணக்கு. நோட்டு இருக்கு." பெட்டியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள்.

குழு அரைமணி நேரம் கதவை அடைத்துப் பேசியது. பிறகு ஹவ்ரானெக் வந்து அறிவித்தார். சில நடைமுறைக் காரணங்களால் வாக்கெடுப்பு அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. விண்ணப்பதாரர் இதற்கிடையில் ஒரு எழுத்து விளக்கம் தரலாம். பொய் என்ற சொல்லை ஒருவரும் பயன்படுத்தவில்லை. எல்லாரும் சாண்ட்விச் பக்கம் நகர்ந்தார்கள். பீர் ஆலைக்காரர் வாயில் உருளைக்கிழங்கு சாலட்டோடு த்ராஹாவிடம் வந்தார். "அருமையான கேள்வி, டாக்டர் குபெல்கோவா" என்றார். அவள் திருத்தவில்லை. சொன்னாலும் அந்த ஆளுக்கு ஏறாது.

மறுநாள் அவள் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது, நீட்டிப்பு இல்லை. நிதிநிலை காரணமாம். ப்ளாஜெனா அதை வாங்கிப் படித்துவிட்டு, ஈரக்கையோடேயே திருப்பித் தந்தாள்.

"வாங்கிக் கட்டிக்கிட்டியா?"

"ஆமா."

"போஹ்தால் எங்க?"

"மாடியில. எழுத்து விளக்கம் எழுதறாரு."

"யாரு மேல பழி?"

"ஃப்ரீசர் மேலயா இருக்கும்."

காலை பத்து மணிக்கு த்ராஹா ஊசி நுண்ணோக்கியின் உறையைக் கழற்றினாள். அதன்மேல் தூசி இல்லை. தினமும் துடைத்தது அவள்தான். நாற்காலியை உயர்த்தி உட்கார்ந்து, சுருட்டையை வழவழப்பானதோடு புதிதாக இணைசேர்த்துப் பட்டினி போட்டிருந்த தட்டில் முதல் பையைத் தேடிப் பிடித்தாள். கை நடுங்கியது. வெளியே டிராம் போனபோது மேசையும் நடுங்கியது. டிராம் கடந்துபோகும் வரை காத்திருந்து ஊசியை இறக்கினாள். பை பிரிந்தது. நான்கு வித்தையும் ஒவ்வொன்றாக நகர்த்தி வரிசையில் வைத்தாள். பிறகு அடுத்த பையைத் தேடினாள். ஜூன் வரை நாள் இருந்தது.